காட்டுக்குள் சீனக் கோயில்: சாமி எங்கே போனார்?

சிங்கப்பூரில் காடே இல்லை என்று நினைப்பவரா நீங்கள்? லிம் சூ காங், மண்டாய், தெங்கா பக்கம் ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள். சாலையோரத்தில் பச்சைச் சுவர் மாதிரி மரங்கள் நிற்கும். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை.

அந்த மாதிரி இடங்களில்தான் சமூக ஊடகக் காணொளிகள் எடுக்கப்படுகின்றன. நாலு இளைஞர்கள், ஒரு கைவிளக்கு, பாசி படிந்த படிக்கட்டு, ஓடு சரிந்த கூரை, தலை உடைந்த சிலை. கீழே தலைப்பு: "பேய்க் கோயில்!" பார்வைகள் குவிகின்றன. ஆனால் அந்தக் கோயிலை யார் கட்டினார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்ற கேள்விக்கு மட்டும் காணொளியில் பதில் இருக்காது.

பேய் விஷயத்தை விட்டுவிடுவோம். பதில் அதைவிடச் சுவாரசியமானது.

நடுக்காட்டில் யார் போய்க் கோயில் கட்டினார்கள்?

யாரும் நடுக்காட்டில் கட்டவில்லை. கோயில் கட்டப்பட்டபோது அங்கே காடு இல்லை, கம்பம் இருந்தது. காடு பிறகு வந்தது.

சிங்கப்பூரின் பெரும்பகுதிக் காடு ஆதிகாலத்துக் காடு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் பயிரிட மரங்களை வெட்டித் தள்ளினார்கள். பிறகு ரப்பர் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களை ஒட்டிக் காய்கறிப் பண்ணை, பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணை, அவற்றைச் சுற்றி வீடுகள். மக்கள் வெளியேறிய பிறகு, கேட்பாரற்ற நிலத்தில் மரங்கள் முளைத்தன. அல்பீசியா என்ற மரம் இருக்கிறதே, அது வளரும் வேகத்துக்கு முப்பது நாற்பது ஆண்டுகள் போதும், ஊர் இருந்த சுவடே தெரியாது.

ஆனாலும் சுவடு இருக்கும், பார்க்கத் தெரிந்தால். காட்டுக்குள் ரம்புத்தான், டுரியான், பலா, தென்னை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அது யாரோ ஒருவரின் கொல்லைப்புறம். காரணமே இல்லாமல் ஒரு சிமெண்ட் படி, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்றால் அது வீட்டு வாசல். கோயிலைத் தனியாகப் பார்க்காமல் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் கண்முன் வரும்.

எந்தச் சாமி, எந்த ஆண்டு? எப்படித் தெரிந்துகொள்வது?

சீனம் படிக்கத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். சில அடையாளங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும்.

முதலில் கோயிலுக்கு எதிரே பாருங்கள். கொஞ்சம் தள்ளி உயரமான சிமெண்ட் மேடை இருக்கிறதா? அதுதான் வாயாங் மேடை. கூத்து நடப்பது சாமிக்காக. மனிதர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். அதனால்தான் மேடையின் முகம் சன்னிதியைப் பார்த்தே இருக்கும். மேடை இருந்தால், அது ஏதோ ஒரு குடும்பத்தின் கோயில் அல்ல, ஊர்க்கோயில் என்று ஊகிக்கலாம். திருவிழா நடத்தும் அளவுக்கு ஊரில் ஆளும் பணமும் இருந்திருக்கின்றன.

பக்கத்தில் செங்கல்லால் கட்டிய குட்டிக் கோபுரம் போல ஒன்று, உள்ளே கரி படிந்து இருக்கும். காகிதக் காசு எரிக்கும் அடுப்பு அது.

அடுத்து, வாசலுக்கு மேலே உள்ள பெயர்ப்பலகை. பழைய பலகைகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நடுவில் பெரிய எழுத்தில் கோயில் பெயர். வலது ஓரத்துச் சின்ன எழுத்துகள் பெரும்பாலும் ஆண்டைச் சொல்லும், இடது ஓரம் காணிக்கை கொடுத்தவரின் பெயர். ஒரு படம் எடுத்துச் சீனம் தெரிந்த நண்பரிடம் காட்டுங்கள். அவருடைய பாட்டிக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளைகள் படிக்கும் எளிய எழுத்துமுறையில் அல்லாமல், பழைய எழுத்துமுறையில்தான் பலகை இருக்கும்.

ஆண்டுக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. பழைய மணிகளிலும் பலகைகளிலும் ஆங்கில ஆண்டு இருக்காது, பேரரசரின் ஆட்சி ஆண்டுதான் இருக்கும். குவாங்ஷு பேரரசரின் முதல் ஆண்டு 1875. அப்படியென்றால் "குவாங்ஷு 30" என்பது 1904. பேரரசு விழுந்து குடியரசு வந்ததும் கணக்கு 1912இல் புதிதாகத் தொடங்கியது. "குடியரசு 20" என்றிருந்தால் 1911ஐக் கூட்டுங்கள், 1931. எண்கள் எளிது: ஒன்றுக்கு ஒரு கிடைக்கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, பத்துக்குக் கூட்டல் குறி மாதிரி ஒன்று.

சில இடங்களில் இரண்டே எழுத்தில் ஆண்டு இருக்கும். அது 60 ஆண்டுச் சுழற்சி. இது நமக்குப் புதிதல்ல. பிரபவ, விபவ என்று தொடங்கி அட்சயவில் முடிகிற நம் பஞ்சாங்க வட்டமும் 60தான். அதில் இருக்கிற அதே தொல்லை இதிலும் உண்டு: பெயரை மட்டும் வைத்து அது 1924ஆ, 1984ஆ என்று சொல்ல முடியாது. கூரையையும் சுவரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி உள்ளே. நடு மேடையில் மூலவர். மேடைக்கு அடியில், தரையோடு தரையாக ஒரு மாடம் இருந்தால் அது புலிச்சாமிக்கு உரியது. குனிந்து பார்க்காதவர்கள் இதைத் தவறவிடுவார்கள். வாசலுக்கு வெளியே தொங்கும் அல்லது நிற்கும் ஊதுவத்திக் கலயம் விண்ணுலக அரசருக்கு. சுவரில் கல்வெட்டு பதித்திருந்தால் பெரும்பாலும் நன்கொடைப் பட்டியல்தான். யார் எத்தனை வெள்ளி கொடுத்தார் என்று வரிசையாக இருக்கும். சலிப்பாகத் தெரியலாம். ஆனால் காணாமல்போன ஊருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பெயர்ப் பதிவேடு சில சமயம் அதுவாகவே இருக்கும்.

இப்படிப்பட்ட எழுத்துகளைத் தேடித் தொகுப்பதையே ஆய்வாகச் செய்தவர்கள் உண்டு. கென்னத் டீன், ஹூ குவான் தாய் இருவரும் 1819 முதல் 1911 வரையிலான சிங்கப்பூர்ச் சீனக் கல்வெட்டுகளைத் தொகுத்து, 2017இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஒரு மணி, ஒரு பலகை, ஒரு கலயம்கூட விடாமல்.

மூலக்கோயிலைவிட நமக்கு நெருக்கமானது வெளியே இருக்கலாம். மரத்தடியில், எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில், சிவப்போ மஞ்சளோ பூசிய சின்னக் குடில். உள்ளே சொங்கோக் அணிந்த ஒரு பெரியவர். அவர்தான் டத்தோ கோங், அந்த மண்ணின் மலாய்க் காவலர். அவருக்கு வெற்றிலை, பாக்கு, சுருட்டு எல்லாம் உண்டு. பன்றி இறைச்சி மட்டும் கூடவே கூடாது. சீனாவிலிருந்து வந்தவர்கள், இந்த மண்ணுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டு மரியாதை செய்கிறார்கள். ஊர் எல்லையில் முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்துவிட்டுப் போகிற குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, ஏன் விட்டுட்டுப் போனாங்க?

சாமி மேல் கோபம் இல்லை. நிலம்தான் காரணம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் உருவானது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பொதுத் தேவைக்காக நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தது. வீடு, தொழிற்பேட்டை, நீர்த்தேக்கம், ராணுவப் பயிற்சி இடம், விரைவுச்சாலை எல்லாவற்றுக்கும் நிலம் வேண்டும். கம்பத்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். ஒரே ஊர்க்காரர்களுக்கு ஒரே பேட்டையில் வீடு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஒருவர் அங் மோ கியோ, இன்னொருவர் ஜூரோங், அவருடைய தம்பி பிடோக்.

கோயிலும் இடம் மாற வேண்டும். புதிய இடத்துக்கு ஏலத்தில் பணம் கட்ட வேண்டும். அதுவும் பெரும்பாலும் 30 ஆண்டுக் குத்தகைக்குத்தான். துத்தநாகத் தகடு வேய்ந்த கூரையின் கீழ் இருந்த சாமிக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? அதனால் பிறந்ததுதான் கூட்டுக் கோயில். பல ஊர்க் கோயில்கள் சேர்ந்து பணம் போட்டு, ஒரே நிலத்தை வாங்கி, ஒரே கூரையின் கீழ் தனித்தனிச் சன்னிதி வைத்துக்கொண்டன. தெம்பனிஸில் உள்ள கூட்டுக் கோயிலில் பத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் சேர்ந்திருக்கின்றன. ஈசூனில் சோங் பாங் கூட்டுக் கோயிலுக்குப் போனால் சீனச் சன்னிதிகளோடு வீரமுத்து முனீஸ்வரரையும் பார்க்கலாம். ஒரு நாட்டின் வீட்டுத் திட்டம் தெய்வங்களையும் அண்டை வீட்டார் ஆக்கிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் எல்லாக் கோயில்களுக்கும் இந்த வழி அமையவில்லை. சீன ஊர்க்கோயிலை நடத்துவது நிரந்தரப் பூசாரி அல்ல. ஆண்டுதோறும் ஊராரில் ஒருவர் "கலயத் தலைவர்" ஆவார். சாமி முன்னால் பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகளைப் போட்டுப் பார்த்து, அவை விழும் விதத்தை வைத்து அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டுத் திருவிழாச் செலவும் பொறுப்பும் அவர் தலையில். ஊர் சிதறிப்போனால் மரத்துண்டு போட யார் வருவார்கள்? தீவின் மறுகோடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து விளக்கேற்றிய முதியவர் ஒருவர் இருந்திருப்பார். அவரும் போன பிறகு காடுதான் வரும்.

இடம் மாறுவது சீனக் கோயில்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முகம்மது சுல்தான் சாலையில் இருக்கும் ஹோங் சான் சீ கோயில் இப்போது தேசியச் சின்னம். 2010இல் அதன் மறுசீரமைப்புக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உயரிய விருது கிடைத்தது. அதுவும் முன்பு டிராஸ் ஸ்திரீட் பக்கம் இருந்து, 1907இல் நிலம் எடுக்கப்பட்டதால் இடம் மாறிய கோயில்தான். வித்தியாசம் இதுதான்: அவர்களிடம் புதிதாகக் கட்டப் பணமும் இருந்தது, சேர்ந்து நிற்க ஒரு சமூகமும் இருந்தது.

அப்போ சாமி இன்னும் உள்ளேயே இருக்கிறாரா?

நம்பிக்கை உள்ளவர்களைக் கேட்டால், பெரும்பாலும் "இல்லை" என்பதே பதிலாக இருக்கும்.

சீன மரபில் சிலை வடித்ததும் அது சாமி ஆகிவிடாது. கண் திறக்கும் சடங்கு செய்ய வேண்டும். பல சிலைகளின் முதுகில் ஒரு சின்னப் பொந்து இருக்கும், அதில் புனிதப் பொருள்களை வைத்து மூடுவார்கள். கோயிலை மூடும்போது தெய்வத்தை வழியனுப்பும் சடங்கும் உண்டு. அதற்குப் பிறகு சிலை வெறும் மரம்தான். திருப்பணிக்கு முன் நம் கோயில்களில் பாலாலயம் செய்து மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றுவார்களே, ஏறக்குறைய அந்த எண்ணம்தான்.

இன்னொரு முக்கியமான பொருள் ஊதுவத்திச் சாம்பல். தாய்க்கோயிலின் கலயத்திலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்துவந்து புதிய கோயிலில் சேர்ப்பதுதான் உறவை உண்டாக்குகிறது. புலம்பெயர்ந்தவர்கள் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்து ஊர்களிலிருந்து கொண்டுவந்ததும் அதைத்தான். ஆகவே, பாழடைந்த கோயிலில் எல்லாம் இருந்து ஊதுவத்திக் கலயம் மட்டும் இல்லையென்றால் யாரோ திருடிவிட்டார் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். சாமி முறையாகக் குடிபெயர்ந்ததற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம். நீங்கள் "கைவிடப்பட்டது" என்று சொல்லும் கோயில் செங்காங்கிலோ உட்லண்ட்ஸிலோ உயிரோடு இருக்கக்கூடும், நீங்கள் நிற்பது அதன் பழைய முகவரியில்.

கலயமும் இருக்கிறது, சாம்பலும் இருக்கிறது, சிலைகளும் வரிசையாக நிற்கின்றன என்றால்தான் மனம் கனக்கும். வழியனுப்பக்கூட ஆள் இல்லாமல் போயிருக்கிறது.

சில சமயம் அப்படிப்பட்ட சிலைகளுக்குப் புது வாழ்வு கிடைப்பதும் உண்டு. 1980களில் லோயாங் கடற்கரையில் நண்பர்கள் சிலர் சிதறிக் கிடந்த சிலைகளைப் பார்த்தார்கள். பௌத்தம், தாவோயிசம், இந்து என்று எல்லாச் சமயத்துச் சிலைகளும் கலந்து கிடந்தன. செங்கல்லும் தகரமும் வைத்து ஒரு குடில் கட்டி அவற்றை உள்ளே வைத்தார்கள். 1996இல் அது தீப்பிடித்து எரிந்தது, துவா பெக் கோங் சிலை மட்டும் தப்பியது. பக்தர்கள் பணம் திரட்டிப் பெரிய கோயிலாகக் கட்டினார்கள். குத்தகை முடிந்ததும் அதுவும் இடம் மாற வேண்டியிருந்தது. 2007இலிருந்து இப்போதுள்ள இடத்தில் இருக்கிறது. லோயாங் துவா பெக் கோங் கோயிலுக்குப் போன தமிழர்களுக்குத் தெரியும்: உள்ளே பெரிய விநாயகர் இருக்கிறார், டத்தோவுக்கும் தனி இடம் உண்டு. சீனர்கள் விநாயகருக்கு மாலை போட்டுக் கும்பிடுவார்கள்.

நான் போய்ப் பார்க்கலாமா?

இடத்தைப் பொறுத்தது. நேரடியாகவே சொல்லிவிடுகிறோம்.

ராணுவப் பயிற்சி வட்டாரம் என்று பலகை இருந்தால், கூடவே கூடாது. சில இடங்களில் உண்மையான தோட்டாக்களோடு பயிற்சி நடக்கும். அரசாங்க நிலம், நுழையாதீர் என்ற பலகை இருந்தாலும் அதேதான். இயற்கை வனப்பகுதிகளில் போடப்பட்டிருக்கும் பாதையை விட்டு விலகினால் தேசியப் பூங்காக் கழகம் அபராதம் விதிக்கும். "நான் செடி எதையும் மிதிக்கலியே" என்ற வாதம் எடுபடாது.

ஆபத்துகளும் பேய்ப் படத்தில் வருகிற மாதிரி இருக்காது. பழைய கம்பத்துக் கிணறுகள் புதர் மூடிக் கிடக்கலாம். அல்பீசியா மரத்தின் கிளைகள் காற்றே இல்லாத நாளிலும் முறிந்து விழும். பழைய கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அவற்றை உடைத்தால் அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. கலயத்தில் தேங்கிய மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டிருக்கும். மலைப்பாம்பும் காட்டுப்பன்றியும் உங்களைவிட அந்த இடத்தை நன்றாக அறிந்தவை.

அனுமதி உள்ள இடத்தில் ஒரு பழைய கோயிலைக் கண்டால்? வாசல் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். முழுக் கோயிலாக இருந்து மூன்று வாசல் இருந்தால் நடுவாசல் சாமிக்கு, நீங்கள் வலது பக்கம் நுழைந்து இடது பக்கம் வெளியே வாருங்கள். எதையும் எடுக்காதீர்கள். நேராக நிமிர்த்தி வைக்கிறேன் என்று நகர்த்தவும் வேண்டாம். ஒரு பொருள் எந்த இடத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே ஆய்வாளருக்கு ஒரு செய்தி. நிறையப் படம் எடுங்கள், முக்கியமாக எழுத்துகளை.

படத்தைப் போடும்போது மட்டும் இடக்குறியைச் சேர்க்காதீர்கள். இதில் எங்கள் கருத்து உறுதியானது. இடம் வெளியே தெரிந்தால் பின்னால் வருகிற நூறு பேரில் ஒருவர் சிலையைத் தூக்கிக்கொண்டு போவார், இன்னொருவர் சுவரில் பெயர் எழுதுவார். வெயிலும் மழையும் நாற்பது ஆண்டுகளில் செய்யாததை ஒரு காணொளி ஒரு மாதத்தில் செய்துவிடும். தகவலைத் தேசிய மரபுடைமைக் கழகத்துக்கு அனுப்புங்கள்.

காட்டுக்குள் கால் வைக்காமலேயே தேடவும் முடியும். தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்கள் இருக்கின்றன. தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய நாளிதழ்களை ஊர்ப் பெயர் போட்டுத் தேடலாம். 2014இல் கெப்பல் குன்றில் புதருக்குள் மறைந்திருந்த ஒரு சிறு நீர்த்தேக்கத்தை மரபுடைமைக் கழகம் மீண்டும் அடையாளம் கண்டதற்கு ஒரு பழைய வரைபடமும் உதவியது.

காட்டையும் தெய்வத்தையும் ஒன்றாகப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் புக்கிட் பிரவுனுக்குப் போங்கள். 1922இல் பொது இடுகாடாகத் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்டது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் கல்லறைகள் இருந்த இடம். தன்னார்வலர்கள் நடத்தும் நடைப்பயணங்கள் உண்டு. ஒவ்வொரு பெரிய கல்லறைக்கும் பக்கத்தில் மண் தெய்வத்துக்கு ஒரு சின்னக் கல்மாடம் இருக்கும். சில கல்லறைகளுக்குத் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் காவல் நிற்கும், கையில் துப்பாக்கியோடு.

இதுல நமக்கு என்ன இருக்கு?

நம் கோயில்களின் கதையும் இதேதான். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலை இன்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது, அது 1932இல் மலாயா ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய சின்னக் கோயில் என்று. 1998இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது. ரப்பர் தோட்டத்திலும் கடற்படைத் தளத்திலும் மரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிட்ட இடங்கள் எத்தனையோ இருந்தன. சிலவற்றுக்குத்தான் முகவரி கிடைத்தது.

அதனால் இந்த வாரக் கடைசியில் காட்டுக்குப் போவதற்கு முன், வீட்டில் இருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்க எந்தக் கம்பத்துல இருந்தீங்க? அங்கே எந்தச் சாமி இருந்தது? கைத்தொலைபேசியில் பதிவு செய்யும் பொத்தானை முதலிலேயே அழுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆ மாவிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். அவர் சொல்லும் ஊர்ப் பெயர் இன்றைய வரைபடத்தில் இருக்காது. எழுத்துக்கூட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.